தொட விடாமல் விற்ற பேஸ் கிட்டார்

1979 ஆகஸ்ட் 11, சனி

போன வாரம் பதுளையில் வாங்கிய பேஸ் கிட்டாரின் கழுத்து வளைந்திருக்கிறது. எந்தக் கம்பியை அழுத்தினாலும் இரைகிறது.

"வாசிச்சுப் பாக்காமயா வாங்குன?" என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து இசைக்குழுவில் டிரம் அடிக்கும் செல்வம் கேட்டான். வாசிக்க எங்கே விட்டார்கள்? எனக்கு முன்னால் கடைக்கு வந்த, கால்சட்டை போட்ட டவுன்காரர் அரை மணி நேரம் அதை வாசித்துவிட்டு வேண்டாம் என்று போனார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் கை நீட்டியதும் கடை முதலாளி, "தோட்டத்து ஆளா? வாங்குறதுன்னா கட்டித் தாரேன். சும்மா தொடக் கூடாது" என்றார். என்னாலும் முடியும் என்று காட்டவே வாங்கினேன். ரோஷம்!

இன்று திருப்பிக் கொண்டுபோனால், "வாங்கும்போதே வாசிச்சுப் பாத்திருக்கணும் தம்பி" என்கிறார், அதே மனிதர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் கடை ஆம்ப்ளிஃபயரிலேயே மாட்டி, சத்தத்தைக் கூட்டி வைத்து வாசித்தேன். "வந்து கேளுங்க, இவரு எனக்கு வித்த சாமான்!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினேன். கூட்டம் சேர்ந்துவிட்டது.

முதலாளி சுவரில் தொங்கிய இன்னொன்றை எடுத்து நீட்டினார். "இத எடுத்துட்டுப் போப்பா."

"வாசிச்சுப் பாத்துட்டுத்தாங்க எடுப்பேன்."

அவர் கடையைச் சாத்தும் நேரம்வரை வாசித்துக்கொண்டே இருந்தேன்.