அழியக் கூடாத கோடு

அன்புத் தங்கத்துக்கு,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

நீ பயந்தபடி ஆபரேஷன் இல்லை. உணவுக்குழாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். கம்பெனியில் லீவு கொடுத்துவிட்டார்கள்.

குறிபார்க்க நெஞ்சில் மையால் கோடு போட்டார்கள். சட்டையைக் கொடுக்கும் முன் சாக்பீஸ் கோடுகளை அழித்தே பழகிய தையல்காரக் கை, குளிக்கும்போது அதையும் தேய்த்து அழித்துவிட்டது!

"வெட்டாத துணிக்குக் கோடு எதுக்கும்மா?" என்றேன்.

"கதிருக்கு அதாண்ணே வழி" என்று சிரித்தபடி நர்ஸ் மறுபடி வரைந்தார்.

கதிர்வீச்சு மெஷினுக்கு அடியில் கண்மூடினால் நம் தையல் மெஷின் ஓடுகிறது. பக்கத்தில் நீ பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாய்.

கதிர் பட்ட தோலில் உரசாமலிருக்க, காலர் இல்லாத பழைய சட்டை ஒன்று அனுப்பு. போனில் "சாப்பிட்டீங்களா" என்று கேட்காதே. நீ சாப்பிட்டதை மெதுவாகச் சொல். நானும் கூடவே விழுங்கிப் பார்க்கிறேன்.

கூப்பிடுகிறார்கள்.

உன் டெய்லர்