உன் எழுத்தில் இருக்கும் கல்லறைகள்

மக்கா,

நாலு நாள் முன்பு துணிப்பையைக் கவிழ்த்து உதறியபோது, மூன்று நோட்டுகளுக்குப் பின்னால் ஒரு துண்டு சாக்பீஸ் உருண்டு வந்து என் காலருகே நின்றது. எடுத்து மோந்தேன். பாசியும் ஈரக் கல்லும் கலந்த கல்லறைத் தோட்டத்தின் மணம் இன்னும் அதில் இருந்தது. அந்தத் தோட்டம் இப்போது இல்லை. நீயும் இல்லை. மிச்சமிருக்கிற நோட்டுகளை எனக்கு வாசிக்கத் தெரியாது. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? உன்னிடமே சொல்கிறேன்.

ஆராதனை முடிந்து எல்லாரும் மீன் வாங்க ஓடும் நேரத்தில் நாம் இருவரும் ஆலயத்தின் பின்பக்கக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். கல்லின்மேல் சாக்பீஸைப் படுக்க வைத்துத் தேய்ப்பேன். மேல்பரப்பு வெளுத்து, பழைய தமிழ் எழுத்துகள் குழிக்குள் கறுத்துத் தெரியும். விரலால் தடவித் தடவி உரக்க வாசிப்பேன். நீ எதிரே குத்தவைத்து எழுதுவாய். கொத்து வேலை செய்த என் விரலுக்குக் கல் வசப்படும், பேனா வசப்படாது. ஒரு வரி எழுத ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் எடுப்பேன். உன் கை ஓடும். ஆனால் நீ படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். நான் வாசித்த தமிழை அப்படியே மலையாள எழுத்தில் எழுதினாய். பிறகு உட்கார்ந்து தமிழ் எழுத்தில் பெயர்த்துக்கொள்ளலாம் என்றோம். அந்தப் பிறகு வரவே இல்லை.

மூன்றாம் வகுப்பில் தமிழ்ப் பிரிவை மூடி எங்களைப் பக்கத்து மலையாள வகுப்புக்குத் தள்ளியபோது, ஸ்லேட்டை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவன் நான். தமிழை வேதாகமத்திலும் பலசரக்குப் பொட்டலத்திலும் நானே கற்றேன். மலையாள எழுத்தைக் கற்கமாட்டேன் என்றேன், கற்கவில்லை. குளத்தூருக்குப் போக நெய்யாற்றின்கரையில் பஸ் ஏறியவன் அம்பூரி ரப்பர் காட்டில் இறங்கி நின்ற கதை உனக்குக் கடைசிவரை சிரிப்பு.

“எலே, போர்டு வாசிக்கமாட்ட. பின்ன என்ன, மாடு கணக்கா மோந்து பாத்தா பஸ் ஏறுக?” என்பாய்.

நீ வேலை பார்த்த பல்கலைக்கழக நூலகத்தில் பட்டப்படிப்புப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை உண்டு. ஒரு பிள்ளை பொருளைச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். நூலகம் மேசை தரும், புத்தகம் தரும், முடிவில் அந்தப் பிள்ளை திரட்டியதையெல்லாம் வாங்கிப் பத்திரமாக வைக்கும்.

“நம்ம நோட்டும் அங்க ஏறும் மக்கா. கரையான் தொடாது” என்று சொல்லி அலைந்து, இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண்ணை என் வீட்டுக்குக் கூட்டி வந்தாய். விண்ணப்பத்தை வரிவரியாக வாசித்துக் காட்டினாய். என் பெயருக்கான இடம் ‘தகவல் தந்தவர்’.

“தகவல் தந்தவனா? நான் என்ன போலீஸ் ஸ்டேஷன்ல துப்பு சொல்லுகவனா? மண்ணில முட்டுபோட்டு இத வாசிச்சு எடுத்தது நானாக்கும். எழுதினவன்னு போடச் சொல்லு.”

“மாமா, அங்க ஸ்டூடண்டுக்க பேரு மட்டும்தான் வரும்” என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

“அப்ப நோட்டு வராது.”

நீ தலையில் கைவைத்தாய். “எலே, பிடிவாதத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒனக்க பேரு எங்க இருந்தா என்ன? செத்தவங்களுக்க பேரு நிக்கட்டு.”

“எனக்க பேரும் நிக்கணும்.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். பாலராமபுரம் கைத்தறியைத் தன் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டாள் என்று பிறகு சொன்னாய். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்த மழைக்காலத்திலேயே, காலை ரயிலுக்குப் போன நீ பாறசாலை பிளாட்பாரத்தில் சரிந்தாய். உன்னைப் புதிய கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம். அடுத்த மாதம் பழைய தோட்டத்தில் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று கல்லையெல்லாம் பெயர்த்து உடைத்து, தரைக்கு அடியில் நிரப்பினார்கள். மண்வெட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

“அண்ணே, அத வாசிக்க இனி ஆளில்ல” என்றார் சபைக் காரியதரிசி.

“நான் உண்டுமே.”

“நீரு இன்னும் எத்தர காலம்?”

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. அதனால்தான் விலகி நின்றேன்.

போன வாரம் நோட்டுகளை எடுத்துக்கொண்டு நீ போன அதே ரயிலில் நூலகத்துக்குப் போனேன். உன் இடத்தில் ஒரு பெண் இருந்தாள். படிக்கும் பிள்ளை ஒன்று கேட்டு விண்ணப்பித்தால்தான் வாங்குவார்களாம். இந்த ஆண்டுக்கான நாளும் கழிந்துவிட்டதாம்.

“அடுத்த வர்ஷம் நோக்காம் அச்சா” என்றாள். அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.

“எனக்கு அடுத்த வருஷம் உண்டா மக்களே?” என்று கேட்டுவிட்டேன். யாரிடமும் கெஞ்சாதவன். வெட்கமாக இருந்தது.

அவள் ஒரு நோட்டை வாங்கிப் பார்த்தாள். “ஈ ஞானமுத்து அச்சனாணோ?” என்றாள். இந்த ஞானமுத்து நான்தானா என்று கேட்கிறாள். ஆமென்றேன். என் பெயர் இவளுக்கு எப்படித் தெரியும்? அவள் அட்டையில் விரல் வைத்து வாசித்துக் காட்டினாள். “எழுதியது ஞானமுத்து.” மூன்று அட்டையிலும் அதுதான் இருந்தது. இத்தனை நாளும் அதை ஆலயத்தின் பெயர் என்று நினைத்திருந்தேன்.

“இத கைப்பட எழுதினவனுக்க பேரு உண்டா? உள்ள எங்கயாவது?”

மூன்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டினாள்.

நான் கேட்டதை நீ முதல் நாளே கொடுத்திருக்கிறாய். என் முகத்துக்கு நேராக அதைப் பிடித்துக்கொண்டு, வாரா வாரம் எதிரே உட்கார்ந்திருந்திருக்கிறாய். அந்தப் பெண்ணை நான் விரட்டிய அன்றாவது சொல்லியிருக்கக் கூடாதா பாவி!

ஒன்றாம் வகுப்பு மலையாளப் புத்தகம் வாங்கி வந்திருக்கிறேன். அந்தச் சாக்பீஸால் சிமெண்டுத் தரையில் எழுதி எழுதி அழிக்கிறேன். கண் மங்குகிறது. காலையில் படித்தது மதியம் மறக்கிறது. வழியில் பார்க்கிற கல்லூரிப் பிள்ளைகளையெல்லாம் நிறுத்தி, விண்ணப்பிப்பாயா என்று கேட்கிறேன், நிற்காமல் போகிறார்கள். யாராவது நின்றால், தகவல் தந்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவேன். ஆனால் நோட்டில் எழுதியவன் நீ என்று ஏற வேண்டும். அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

அதற்கு முன்னால், மூன்று அட்டையிலும் என் பெயருக்கு மேலே உன் பெயரை நானே எழுத வேண்டும், உன் எழுத்தில். முதல் எழுத்து வந்துவிட்டது. இரண்டாவது எழுத்து இன்னும் கோணுகிறது.