வேலை தெரிந்ததைக் காட்டிக்கொண்டேன்

வியாழன், இரவு

அம்மாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுக்கைக்கு வந்துவிட்டேன்.

மதியம் நான் வேலை பார்க்கும் டிஸ்க் கடையின் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். நான் தனியாகப் பட டிஸ்க்குகளைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். நடுவயதுக்காரர் ஒருவர் வந்து புதுப்படம் கேட்டார்.

"ஒரிஜினல் டிஸ்க்குல புடிக்கிறதுல பாதிதானேம்மா இந்த டிஸ்க்குல புடிக்கும்? முழுப் படமும் எப்டி அடங்குது?"

என் வேலையைப் பற்றி யாரும் கேட்டதேயில்லை. மற்ற மொழிக் குரல்களையும் படத்தோடு வரும் நடிகர் பேட்டிகளையும் நீக்கிவிடுவேன், படத்தின் அளவைக் கொஞ்சம் அமுக்குவேன் என்று விளக்கமாகச் சொன்னேன். நேர்முகத் தேர்வில்கூட இவ்வளவு பேசியதில்லை.

"கெட்டிக்காரிதான். டிஸ்க்கு மேல பேரு எயுதினதும் நீயா? எயுத்து முத்து முத்தா கீதே!"

"ஆமா சார்."

என் பெயர், படிப்பு, எங்கள் ஊர் சேக்காட்டில் வீடு எந்தத் தெரு என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். டிஸ்க்கை வாங்கிக்கொண்டு திரும்பியபோதுதான் காலைப் பார்த்தேன். காக்கி உடுப்புக்குப் போடும் பழுப்பு ஷூ.

அண்ணனிடம் சொன்னதும் ஷட்டரை இறக்கிவிட்டார். "இன்னாத்துக்கும்மா வாயத் தொறந்த? பேசாத பொண்ணுன்னுதானே உன்ன வேலைக்கு வச்சேன்!"

எனக்கு அரசு வேலை கிடைத்திருக்கிறது. சேருவதற்கு முன் போலீஸ் விசாரணை உண்டு. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். வழக்கு என்று வந்தால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

நான் எழுதவில்லை என்று சொல்லிவிடலாம் என நினைத்தேன். டைரியின் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறேன். டிஸ்க்கின் மேல் இருக்கும் அதே எழுத்து.

வாசலில் ஏதோ பைக் வந்து நிற்கிறது. விளக்கை அணைக்கிறேன்.