இடது காலுக்கு ஒரு பெடல்

கோலோவாய்,
ஜூன் 9, செவ்வாய்.

கடல் தாண்டி மில்துராவில் பழம் பறிக்க ஆரஞ்சு மரத்தோரம் ஏணிமேல் நிற்கும் என் கணவர் ஃபெலெதிக்கு, டோங்காவில் ஒரு காலும் இரண்டு ஊன்றுகோலுமாக உறுதியாக நிற்கும் உங்கள் லுபே எழுதுவது. நானும் மகள் ஓஃபாவும் சுகம். நீங்களும் சுகமாயிருக்கக் கர்த்தரிடம் தினமும் கேட்கிறோம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவீர்கள். அறையிலிருக்கும் ஏழு பேரும் காது கொடுத்துக் கேட்டு ஏழு விதமாக யோசனை சொல்வார்கள். அதனால்தான் வியாழக்கிழமை உங்கள் ஊருக்கு விமானம் ஏறும் பக்கத்து வீட்டு லிசியாத்தேயிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள். முழுதும் படிக்காமல் கோபப்பட வேண்டாம்.

முதலில் நல்ல சேதி. நீங்கள் அனுப்பிய கார், போட்டோவில் பார்த்ததைவிட அழகு. ஏழு பேர் உட்காரலாம் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். வந்த முதல் ஞாயிறு கோயிலுக்குப் பதினொரு பேர் போனோம், அதில் மூன்று பேர் நம் பாடகர் குழுவின் பெருத்த பெண்கள். போதகர் வண்டிக்கு ஜெபம் பண்ணும்போது உள்ளேயிருந்து ஜப்பானியப் பெண் ஒருத்தி பேச ஆரம்பித்துவிட்டாள். வழி சொல்லும் குரல்தான். அதை எப்படி நிறுத்துவது என்று இந்தத் தீவில் யாருக்கும் தெரியவில்லை. ஓஃபா அவளுக்கு ஒரு பெயர் வைத்து, அவள் என்ன சொன்னாலும் 'சரிங்க டீச்சர்' என்று பதில் சொல்கிறாள். வீட்டுப்பாடம் எழுதுவது, மரவள்ளிக்கிழங்கு தின்பது எல்லாம் இப்போது காருக்குள்தான். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் பெல்ட் போட்டுக்கொள்கிறாள்.

அலங்காரத்தில் நான் குறை வைக்கவில்லை. டாஷ்போர்டுக்கு என் அம்மா கொடுத்த மரப்பட்டைத் துணியில் ஒரு துண்டு. சீட்டுகளுக்குச் சிவப்புச் செம்பருத்தி போட்ட துணியில் உறை. ரக்பி ஆட்டத்தன்று குத்துவதற்கு இரண்டு கொடிகள். நம் ஊர் வௌவால்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புது வண்டி என்று தெரிந்ததும் அத்தனையும் நம் மரத்துக்கே குடி வந்துவிட்டன. அவற்றின் எச்சம் விழாமலிருக்கப் பழைய படகுப் பாயை அளந்து வெட்டி வண்டிக்கு ஒரு சட்டை தைத்தேன். கண்ணாடிகளுக்குக்கூடத் தனியாகக் காது வைத்துத் தைத்திருக்கிறேன்.

இனி மற்ற சேதி. என்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதற்கு மருமகன் செமிசியை நீங்கள்தான் ஏற்பாடு செய்தீர்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தீர்கள். முதல் இரண்டு நாள் நேரத்துக்கு வந்தான். மூன்றாம் நாள் நான் வேலைக்குப் போகும் மரியாதைக்கு இடுப்பில் பாய் கட்டி, தலை வாரி, ஆறரை மணியிலிருந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். இரவெல்லாம் காவா வேர்ச்சாறு குடித்துவிட்டு மயங்கி உறங்கியவன் பத்து மணிக்கு வந்து, "என்ன மாமி, இன்னிக்கு ஸ்கூல் உண்டா?" என்று கேட்டான். அதற்கு அடுத்த வாரம் மூன்று நாள் அதே கதை. பஸ் படி எனக்கு எட்டாது என்பது உங்களுக்குத் தெரியும். எட்டினாலும் டிரைவர் காத்திருக்க மாட்டார். ஹௌமா பள்ளியில் என் சின்ன வகுப்புப் பிள்ளைகளை, என் கால் போனதிலிருந்து ஒரு வருடமாக யாரோ ஒரு மாற்று ஆசிரியை பார்க்கிறாள். தலைமையாசிரியை நல்ல மனுஷி, ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இந்தப் பருவம் முடிவதற்குள் நான் ஒழுங்காக வந்து போய்க் காட்டினால் வேலை எனக்கு, இல்லாவிட்டால் அவளுக்கு.

செமிசியை நான் என்ன சொல்ல முடியும்? உங்கள் அக்கா மகன். மாமன் வீட்டுப் பொருளைக் கேட்காமலே எடுக்க அவனுக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. நம் படகு இன்ஜின் அப்படித்தான் போயிற்று, கொழுத்த பன்றியும் அப்படித்தான். குறையாகச் சொல்லவில்லை. நானும் என் மாமா வீட்டிலிருந்து தையல் மெஷினைத் தூக்கி வந்தவள்தான். சீட் உறை தைத்ததும் அந்த மெஷினில்தான். ஆனால் இவன் என்னை விட்டுவிட்டு, வண்டியில் தன் ரக்பிக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு தீவின் மறுபக்கம் மூவா வரை போய், சேற்றுப் பூட்ஸோடு என் செம்பருத்திகள்மேல் உட்காரவைத்து அழைத்து வந்தபோது, எனக்கு அழுகை வரவில்லை. ஒரு யோசனை வந்தது.

லிசியாத்தேயின் மனைவி ஃபூசியை உடன் அழைத்துக்கொண்டு தோமசியின் பட்டறைக்குப் போனேன். கேட் அடிக்கிற, டிரம்மை வெட்டி அடுப்பு செய்கிற அதே தோமசிதான். வலது கால் இல்லாதவர்கள் இடது காலால் கார் ஓட்டுகிற வீடியோ ஒன்றைக் காட்டினேன். பிரேக்குக்கு இடது பக்கம் இன்னொரு ஆக்சிலேட்டர், அதிலிருந்து ஒரு கம்பி பழைய ஆக்சிலேட்டருக்குப் போகும். பழையதை யாரும் மிதிக்காதபடி மேலே ஒரு தகடு மூடியிருக்கும். அவ்வளவுதான். தோமசி மண்டையைச் சொறிந்துகொண்டு, "ஃபெலெதி அண்ணன்கிட்ட கேட்டியா அக்கா? புது வண்டியாச்சே" என்றான். நான், "ஓட்டப்போறது அவர் காலா, என் காலா?" என்றேன். "அப்போ கழட்டி மாட்டுற மாதிரி பண்றேன். மத்தவங்களும் ஓட்டணும்ல?" என்றான்.

இங்கேதான் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். கழற்ற முடியாதபடி வெல்டிங் வைக்கச் சொன்னேன். அவன் வெல்டிங் கோலை எடுத்தான். பிறகு சிரித்துவிட்டு, முகமூடியை இறக்கிக்கொண்டான். புது வண்டியில் தீப்பொறி பறந்தபோது ஃபூசி கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை.

ஓட்டப் பழகியதுதான் கஷ்டம். வெட்டி எடுத்த காலுக்குத் தான் போய்விட்டது என்று தெரியவில்லை. பிரேக் போட வேண்டும் என்றால் அதுதான் முதலில் நீள்கிறது. இடது கால் எதுவும் செய்யாமல் சும்மா இருக்கிறது. நல்ல வேளை, நான் பழகிய ரக்பி மைதானத்தில் மாடுகள்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபூசி முதல் நாள் சத்தமாக ஜெபம் பண்ணினாள், நாலாம் நாள் முணுமுணுத்தாள், ஏழாம் நாள் வேர்க்கடலை தின்றாள். அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. டாக்டர் கடிதத்தோடு லைசன்ஸ் வாங்கப் போனேன். அதிகாரி கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தார். திரும்பி வரும்போது அந்தக் கையால் தன் முழங்காலில் தாளம் போட்டார். பாஸ்.

அந்தச் சனிக்கிழமை செமிசி வந்தான். நான் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். "மாமி, வண்டிய எடுத்துக்கிறேன், மேட்ச் இருக்கு" என்று கத்திக்கொண்டே ஏறி உட்கார்ந்தான். பெடலில் வேலை நடந்திருப்பதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் இன்ஜினைப் போட்டு, கியரையும் போட்டுவிட்டான். வலது காலால் மிதித்தான், தகடு. இன்னும் அழுத்தினான், அதே தகடு. என்னடா இது என்று குனிந்து பார்ப்பதற்காக இடது காலை ஊன்றினான் பாருங்கள். வண்டி வாழைக்கன்றுகளைத் தாண்டி, துணிக்கொடியை இழுத்துக்கொண்டு, பன்றித் தொட்டியில் போய் முட்டி நின்றது. ஜப்பானியப் பெண் மரியாதையாக ஏதோ சொன்னாள். வாசலிலிருந்து ஓடி வந்த ஓஃபா திண்ணென்ற குரலில், "செமிசி அத்தான், டீச்சர் உங்களை இறங்கச் சொல்றாங்க" என்றாள். அவனுக்கு ஒரு கீறலும் இல்லை. வண்டிக்கு முன் பம்பரில் ஒன்று இருக்கிறது, கை நீளத்துக்கு. உங்களிடம் மறைக்கவில்லை. இறங்கினவன் முகம் சிவந்து, "அம்மாகிட்டயே சொல்றேன்" என்று போய்விட்டான்.

ஃபெலெதி, அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் வழக்கத்தில் தம்பிக்கு மேலே அக்கா; உங்கள் அக்கா அதெலைதே சொல்லிவிட்டால் நம் வீட்டில் மறுபேச்சில்லை, நீங்கள் உட்பட. பெடலை வெட்டி எறி என்றால் தோமசியே வந்து வெட்டிப் போடுவான். பருவம் முடிய நாலு வாரம்தான் இருந்தது. எனக்கு வண்டிகூட முக்கியமில்லை. காலையில் வகுப்பில் நுழைந்ததும் இருபத்திரண்டு பிள்ளைகள் எழுந்து நின்று என் பெயரைச் சொல்லிக் கும்பிடு போட வேண்டும். அது போய்விட்டால் நான் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண் மட்டும்தான்.

திங்கட்கிழமை வண்டியை எடுக்கத் துணியாமல் வீட்டிலேயே இருந்தேன். மதியம் அக்கா வந்தார். சாவுக்கும் கல்யாணத்துக்கும் கட்டுகிற பெரிய பாயைக் கட்டிக்கொண்டு, செமிசி பின்னால் வர. வேலியோரம் ஊரே நின்றது. நான் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து பெடலைப் பார்த்தார். "யாரைக் கேட்டுப் பண்ணின?" என்றார். "யாரையும் கேக்கல அக்கா. கேட்டா வேண்டாம்பாங்கன்னு பயம்" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அவர் முன் கதவைத் திறந்து உட்கார்ந்தார். "ஏறு. ஓட்டு" என்றார்.

ஓட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக எதையும் செய்ததில்லை. நுகுநுகு ஊரைத் தாண்டும்வரை அக்கா என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே, "லுபே, எனக்கும் வலது கால் பெருவிரல் கறுத்திருக்கு. மூணு வாரமா துணி சுத்தி வெச்சிருக்கேன். புள்ளைங்களுக்குத் தெரியாது" என்றார். நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். "எனக்கும் அப்படித்தான் அக்கா ஆரம்பிச்சது. நான்தான் துணிக்குள்ள ஒளிச்சே வெச்சிருந்தேன். நாளைக்கு ஆஸ்பத்திரி போகலாம், நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். "நாளைக்குக் காலையிலேயே எதுக்கு? உனக்கு ஸ்கூல் இருக்கில்ல. மூணு மணிக்கு மேல போகலாம். இப்ப ஹௌமாவுக்கு விடு" என்றார்.

பள்ளிக்கூட வாசலில் ஹாரன் அடிக்கச் சொன்னார். தலைமையாசிரியை ஓடி வந்தார். அக்கா இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: "இது என் வண்டி. தம்பி வாங்கினது, அதனால என்னுது. இவ என் டிரைவர். நாளையிலேருந்து ஏழரை மணிக்கு என் வண்டி இந்த வாசல்ல நிக்கும். என் வண்டி வெயில்ல சும்மா நிக்கக் கூடாது, அதனால இவளுக்கு உள்ள ஒரு வேலை போட்டுக் குடுங்க." அந்த அம்மாள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே. வீட்டுக்குத் திரும்பியதும் வேலியோரம் நின்ற ஊர் கேட்க மகனைக் கூப்பிட்டு, "மாமன் பொருள்னா நீ எடுக்கலாம். இது இப்ப அம்மா பொருள். விரல் பட்டுச்சு, தெரியும்" என்றார். செமிசி தலையை ஆட்டினான். அன்றே வாழைக்கன்றுகளை நட்டுவைத்து, துணிக்கொடியையும் கட்டிக் கொடுத்தான். நல்ல பையன்தான், வண்டி மட்டும் கையில் இல்லாதிருந்தால்.

அப்படியாக ஃபெலெதி, நீங்கள் வாங்கிய கார் உங்களுடையது இல்லை, என்னுடையதும் இல்லை. யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. அடுத்த மூன்று வாரமும் ஒரு நாள் தவறாமல் போனேன். நேற்று வேலை எனக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் பிள்ளைகள் பெடலைப் பார்க்க வகுப்போடு வெளியே வந்து வரிசையில் நின்றார்கள். அக்காவின் விரலை டாக்டர் காப்பாற்றிவிட்டார். செவ்வாயும் வெள்ளியும் கட்டு மாற்றப் போகிறோம். பின் கண்ணாடியில் ஓஃபாவின் பெயர் ஒட்டியிருந்தேன். அதற்கு மேலே 'அதெலைதே' என்று இரண்டு மடங்கு பெரிதாக அவரே ஒட்டிக்கொண்டார். மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலை மன்னியுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆகஸ்டில் உங்கள் வேலை ஒப்பந்தம் முடிகிறது. சென்ற முறை, காருக்காக இன்னும் ஒரு தடவை என்று கையெழுத்துப் போட்டீர்கள். கார் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் என் காலை எடுத்தபோது நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று நான் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. இப்போதும் காட்டவில்லை. நீங்கள் வராமல் இருப்பது காசுக்காக இல்லை, என்னைப் பார்க்கப் பயந்துதான் என்று எனக்குத் தெரியும். எனக்கும் உங்கள் முன்னால் நிற்கப் பயம்தான்.

நான்தான் விமான நிலையத்துக்கு வருவேன். அக்கா வர மாட்டாராம். "அக்காவும் தம்பியும் ஒரே வண்டிக்குள்ள அடைஞ்சு உக்கார்றது மரியாதையில்ல. முன் சீட்டை அவனுக்கு விட்டுத் தர்றேன், அன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்று சொல்லிவிட்டார். ஓஃபாவை ஃபூசி பார்த்துக்கொள்வாள். நீங்களும் நானும்தான். நான் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுவேன், நீங்கள் இடப்பக்கம். உங்கள் பக்கம் இருப்பது வேலை செய்கிற கால். மற்றது கதவோரம் இருக்கும். உங்களுக்குத் தானாகத் தோன்றும்வரை பார்க்க வேண்டாம். ஃபுவாமோட்டு விமான நிலையத்திலிருந்து நம் வீடு நல்ல தூரம். நான் மெதுவாகவே ஓட்டுவேன்.

வந்து சேருங்கள்,
உங்கள் லுபே.