ஓரம் மட்டும் தைத்த துணி

செப்டம்பர் 4, போல்பூர்
பழைய சேலைகளை நாலடுக்காகப் போட்டு, நழுவாமலிருக்க ஓரம் மட்டும் தைத்து வைத்து எட்டு மாதம். நடுவில் ஊசி இறங்கவில்லை. டிசம்பரில் கொல்கத்தாவில் கண்காட்சி. பழஞ்சேலை அடுக்கில் ஓட்டுத்தையல் போடும் என் காந்தாவுக்குச் சுவரில் ஒன்பதடி இடம்.

செப்டம்பர் 9
நூல் கோத்தேன். உருவினேன். மறுபடி கோத்தேன்.

செப்டம்பர் 17
கண்காட்சி நடத்தும் ரஞ்சாவதி எவ்வளவு ஆயிற்று என்றாள். "பாதி" என்றேன். எதில் பாதி?
மீன் வாங்கி வந்த கணவர், ஊசியும் கையுமாக இருந்த என்னைப் பார்த்து, "தூண்டில்ல ஏதாவது மாட்டுச்சா?" என்றார். சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 26
வேலைக்கு வரும் ஜர்ணாவுக்குப் பேரன் பிறந்திருக்கிறான். பிள்ளையைப் போர்த்தப் பழைய சேலை கேட்டாள். பிறக்குமுன் தைத்து வைப்பது அவர்கள் வீட்டில் ஆகாது. அலமாரிக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்துக்கொள் என்றேன், தலைகூடத் தூக்காமல்.

அக்டோபர் 3
கீழ்த்தட்டில் வைத்திருந்த என் காந்தாத் துணியைக் காணோம். ஜர்ணாவிடம் கத்திவிட்டேன்.
"அதுவா தீதி? ஓரம் தெச்சு நாலடுக்கா இருந்துச்சு, பிள்ளைக்குன்னு நீங்களே எடுத்து வெச்சதுன்னு நெனச்சேன். எட்டு மாசமா தொடாமத்தானே கெடந்துச்சு."
அவ சொன்னதுல என்ன தப்பு? தொடலதானே. அதுக்கு ஏன் அந்தக் கத்து கத்தினேன்?

அக்டோபர் 4
துணியைத் திரும்ப வாங்கி வரத்தான் ஜர்ணா வீட்டுக்குப் போனேன். ஜர்ணாவின் மகள், பிள்ளையின் அம்மா ஷெஃபாலி அதைக் கொடியில் காயப்போட்டிருந்தாள். நடுவில் மஞ்சள் கறை. கறையைச் சுற்றி, சேலைக் கரையிலிருந்து உருவிய சிவப்பு நூலில் கோணல்மாணலாக ஒரு வரித் தையல். துவைத்ததும் அடுக்கு சுருண்டதாம். பிள்ளை முதுகில் உறுத்துமே என்று தைத்தாளாம். எவ்வளவு நேரம் பிடித்தது என்றேன்.
"இவன் தூங்கின நேரம்தான்."
துணியைக் கேட்காமலே திரும்பிவிட்டேன். வழியெல்லாம் எரிச்சல் — அவள்மேலா?

அக்டோபர் 5
ரஞ்சாவதியிடம் உண்மையைச் சொன்னேன். பாதியுமில்லை, காலுமில்லை. ஒன்பதடியும் வேறொருவருக்குப் போயிற்று. அழுதேன். பிறகு, பல நாள் கழித்து, நன்றாகத் தூங்கினேன்.

அக்டோபர் 14
மழை. பிள்ளைத் துணி காயவே இல்லையாம், மாற்று வேண்டுமாம். என் பச்சைச் சேலையை மடித்துப் போட்டேன். ஜர்ணா எட்டிப் பார்த்து, "இதாவது பையன் பள்ளிக்கூடம் போறதுக்குள்ள முடியுமா?" என்றாள். என் வாயில் நூல் இருந்தது.

அக்டோபர் 19
பச்சைச் சேலைக் கரையில் உருவிய நூலெல்லாம் தைத்தே மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. சரியான எரிச்சல். வேறு சேலை தேட வேண்டும்.