நீ வெட்ட விடாத காட்சி

அலுமாரியைத் திறந்தால் இன்னும் பூச்சி உருண்டை மணக்கிறது. உள்ளே உன் கலியாணக் கோட்டு தொங்குகிறது. நான் எடுத்த குறும்படத்துக்கென்று இரவல் வாங்கியது. திருப்பித் தருகிறேன் என்ற போதெல்லாம், "வைச்சிரு, எனக்கு இனி வயிறு விடாது" என்று சிரித்தாய். போன மாசியில், புத்தளத்தில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் உன் மூச்சு நின்றது. நான் பஸ் பிடித்து வந்து சேருமுன் அடக்கமும் முடிந்துவிட்டது.

அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் நான் செய்தி வாசித்தேன். உரும்பிராயில் தேங்காய் விழுந்த சத்தத்தைக் குண்டுவெடிப்பாக்கி, சந்தேகநபர் தமிழில் தும்மியதாக அவசரச் செய்தி போடுகிற ஒரு தொலைக்காட்சி; அதுதான் எங்கள் இருபது நிமிடப் படம். தமிழரென்றாலே குண்டுக்காரராய் எங்களைக் காட்டிப் பழகியவர்களை ஒருநாளாவது நக்கலடிக்க வேண்டும் என்ற ஆவேசம் எனக்கு. எழுத்து, இயக்கம், நடிப்பு எல்லாம் நானே. கொழுப்பும் கொஞ்சம் கூடத்தான்.

உனக்கு நான் கொடுத்தது பழைய இரும்பு வாங்குகிற முஸ்லிம் வியாபாரி வேடம். இடுப்பில் கிழிந்த சாரம், தலையில் தொப்பி, ஊரில் எவரும் கதைக்காத ஒரு கோணல் தமிழ். மானிப்பாயில் கணக்குப் படிப்பித்த நீ, தராசைத் தூக்கிக்கொண்டு நடித்தாய்.

படத்தை முதன்முதல் போட்டுப் பார்த்த அன்று, அந்தக் காட்சி முடிந்ததும் மெதுவாகச் சொன்னாய்: "மச்சான், உந்தச் செய்திக்காரர் உங்களைக் காட்டுறமாதிரித்தானே நீ என்னைக் காட்டியிருக்கிறாய்."

நான் படத்தை நிறுத்தினேன். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களென்று உன் குடும்பத்தை ஊரைவிட்டுத் துரத்தியபோதும், பிறகு நீ திரும்பி வந்தபோதும், எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. வெட்டிவிடுகிறேன் என்றேன்.

"வேண்டாம், இருக்கட்டும். அதிலை சனம் சிரிக்கும். அப்ப நீ திரையைப் பாராதை, சனத்தைப் பார்."

அடுத்த நாளும் வழமைபோலத் தேத்தண்ணி குடிக்க வந்தாய். மன்னிப்புக் கேட்க நான் நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், வருசக்கணக்காய்.

நேற்றுப் பின்னேரம் நூலக மண்டபத்தில் அந்தப் படத்தைப் போட்டார்கள். நீ சொன்னபடி சனத்தைப் பார்த்தேன். தும்மலைவிட உனக்குத்தான் கூடச் சிரித்தார்கள். பக்கத்தில் நீ இருந்து என் முழங்கையை இடிக்க மாட்டாயா என்று ஏங்கிப்போனேன். சனம் சிரிக்குமுன்னமே ஒரு சிரிப்புக் கேட்டது. படத்திலேயே பதிவாகியிருந்தது. கமராவுக்குப் பின்னால் நின்று அன்று நான் சிரித்தது.

விளக்குப் போட்டதும் எழுந்து, உன் பெயரைச் சொல்லி, அந்த முதற் சிரிப்பு என்னுடையது என்றேன். உன்னிடம் சொல்ல வேண்டியதை ஊரிடம் சொல்லிவிட்டு, பாரம் இறங்காமலே வீடு வந்தேன்.