வேட்டியில் விழுந்த பம்பாய்

16.2.1969, ஞாயிறு

புதுவயல் மில்காரர் ஒருவரிடம் சிலைடு மிஷினை இரவல் வாங்கிவந்து, இன்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் பம்பாய் காட்டினார் இவர். கூடத்துச் சுவரில் எட்டு முழ வேட்டியைக் கட்டி, அதில் படம். கடலுக்கு முன்னால் இவர். கடலோர வளைவுக்கு முன்னால் இவர். தொப்பைக்கு இரண்டு பக்கமும் மிஞ்சியதுதான் பம்பாய்.

பள்ளத்தூரிலிருந்து வந்திருந்த நாத்தனார் பெருமூச்சு விட்டாள். “எங்களுக்கு இந்தப் படந்தான். கொடுத்து வச்சவுக மதினி நீங்க, நேர்லயே பாத்துட்டு வந்துட்டீக.”

நான் வாயைத் திறக்குமுன் இவர் முந்திக்கொண்டார். “அந்தக் கடக்காத்தப் படத்துல காட்ட முடியுமா? நேர்ல நிக்கணும். இவளக் கேளு.”

என்னைக் கேட்பதாம்! ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்றுதானே என்னைக் கூட்டிப்போனார்? லாட்ஜ் அறையில் ஸ்டவ்வோடு கிடந்தேன். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். கடல் நடக்கிற தூரம்தான். ஊர் திரும்பும் அன்றைக்கு வாய்விட்டுக் கேட்டேன். “அந்த உப்புத் தண்ணியில என்ன இருக்கு? ரயிலுக்குப் புளிச்சோறு கட்டு” என்றார். இன்று அதே உப்புத் தண்ணிக்கு ஒரு மணி நேரப் பிரசங்கம்.

எல்லாரும் போனதும், வேட்டியை அவிழ்த்து மடித்துவைக்கச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். பம்பாயில் தினமும் துவைத்து, அறைக்குள் கொடி கட்டி நான் காயப்போட்டது இதே வேட்டிதான். அங்கே நான் பார்த்ததும் இதைத்தான். இதன் மேலேயே இன்று எனக்குக் கடலைக் காட்டுகிறார், மகராசன்.

அவிழ்க்கவும் இல்லை, மடிக்கவும் இல்லை; சுவரிலேயே விட்டுவிட்டேன். காலையில் வேட்டி எங்கே என்று கேட்பார். கடலோரத்தில் கிடக்கிறது, போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும்.